வழக்கு ரத்தானால் நிரபராதியா?

[திரையில்: டி.வி. ஸ்க்ரோல் – "வழக்கை ரத்து செய்தது உயர் நீதிமன்றம்"]

இந்த வரி ஓடியதும் ஒரு தரப்பு பட்டாசு வெடிக்கும். "நாங்கள் குற்றமே செய்யவில்லை என்று கோர்ட்டே சொல்லிவிட்டது" என்பார்கள். பல நேரம் கோர்ட் அப்படிச் சொல்லியிருக்காது.

தமிழ்நாட்டில் அடிக்கடி நடப்பதையே எடுத்துக்கொள்வோம். தடையை மீறி மறியல். போலீஸ் எல்லோரையும் வேனில் ஏற்றிக் கல்யாண மண்டபத்தில் உட்காரவைத்து, பெயர், முகவரி எழுதிக்கொண்டு, சாயங்காலம் விட்டுவிடும். அதோடு முடிந்தது என்று நினைத்தால், பாஸ்போர்ட் விசாரணையின்போது எஃப்.ஐ.ஆர். எட்டிப் பார்க்கும். பழைய இந்திய தண்டனைச் சட்டம், 188-வது பிரிவு: அதிகாரியின் உத்தரவை மீறியது.

[திரையில்: சென்னை உயர் நீதிமன்றக் கட்டடம்]

அப்புறம் உயர் நீதிமன்றத்தில் ஒரு மனு. வழக்கையே ரத்து செய்யுங்கள் என்று கேட்பது; வக்கீல்கள் 'குவாஷ்' என்பார்கள். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 482-வது பிரிவு. 2024 ஜூலை 1 முதல், அதற்குப் பதிலாக வந்த புதிய சட்டமான பி.என்.எஸ்.எஸ்.-இன் 528.

"ரோட்டில் உட்கார்ந்தீர்களா?" என்று அங்கே யாரும் கேட்பதில்லை. புகார் கொடுத்தது யார் என்றுதான் பார்க்கிறார்கள். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 195-வது பிரிவுப்படி, 188 வழக்கை மாஜிஸ்திரேட் கோப்பில் எடுக்க, உத்தரவு போட்ட அதிகாரியோ அவருடைய மேலதிகாரியோ எழுத்துமூலம் புகார் கொடுத்திருக்க வேண்டும். 172 முதல் 188 வரையான பிரிவுகளில் போலீஸ் எஃப்.ஐ.ஆரே போடக்கூடாது என்று 2018-இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தீர்ப்பளித்தார். அதைக் காட்டியே மறியல் வழக்குகள் பல ரத்தாயின.

சரி, மறியல் நடந்ததா? அதை யாரும் தொடவே இல்லை. ஒரு சாட்சிகூடக் கூண்டில் ஏறவில்லை.

அப்படியானால் அதிகாரி முறைப்படி மறுபடி புகார் கொடுக்கலாமே? கொடுக்கலாம். விசாரணை முடிந்து விடுதலையோ தண்டனையோ ஆகியிருந்தால்தான் அதே குற்றத்துக்கு மறுவழக்கு கூடாது. ஆனால் காலக்கெடு குறுக்கே நிற்கிறது. பழைய 188-க்கு அதிகபட்சம் 6 மாதச் சிறை. அவ்வளவு சின்னக் குற்றத்தை, தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தாலொழிய, ஓராண்டுக்குள் கோர்ட் கோப்பில் எடுத்தாக வேண்டும். குவாஷ் உத்தரவு கையில் வருவதற்குள் அந்த ஓராண்டு ஓடிப்போயிருக்கும்!

எல்லா ரத்தும் இந்த வகை அல்ல. புகாரில் இருப்பதை அப்படியே உண்மை என்று வைத்துக்கொண்டாலும் அதில் குற்றமே இல்லை என்று ரத்தாவதும் உண்டு. எப்போதெல்லாம் வழக்கை ரத்து செய்யலாம் என்று பஜன்லால் வழக்கில் உச்ச நீதிமன்றம் போட்ட பட்டியலில் அதுவும் ஒன்று. இரண்டு தரப்பும் சமரசமாகி ரத்தாவதும் உண்டு. எது எந்த வகை என்பது ஸ்க்ரோலில் வராது. உத்தரவு நகலின் கடைசிப் பத்திகளில் இருக்கும்.