அரை சுரம் இறங்கினால் ஹிந்தோளம்

(தருமபுரியில் ஒரு ஞாயிறு மாலை, இசை ஆர்வலர் சிலர் கூடிய மாடி அறையில், வாசித்துக் காட்டியபடியே பேசியதன் எழுத்து வடிவம்.)

எல்லோருக்கும் வணக்கம். உள்ளே வரும்போது படிக்கட்டில் ஒரு அம்மா கேட்டார்: "கிட்டாரை ஏன் தம்பி படுக்க வெச்சுத் தூக்கிட்டு வர்றே, அடிகிடி பட்டிருச்சா?" இல்லைம்மா, இது படுத்துக்கொண்டே பாடுகிற சாதி. வெளிநாட்டில் லேப் ஸ்டீல் என்பார்கள். நம் ஊர் ஆர்க்கெஸ்ட்ராக்காரர்களுக்கு ஹவாயன் கிட்டார். மடியில் கிடத்தி, இடக்கையில் இரும்பு உருளையைப் பிடித்துக் கம்பிமேல் ஓட்டுவது. 1889 வாக்கில் ஹவாய்த் தீவில் ஜோசப் கெகுக்கு என்ற பையன் இதைத் தொடங்கிவைத்ததாகச் சொல்வார்கள். ரயில் பாதையோரம் கிடந்த ஒரு போல்ட்டை எடுத்து உரசிப் பார்த்தான் என்றும் ஒரு கதை உண்டு. வீணை மாதிரி இருந்து, கட்டையை உருட்டி வாசிக்கும் கோட்டுவாத்தியம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதில் அதிசயம் ஒன்றும் இருக்காது.

இதோ என் உருளை. முதலில் நாலு ரோட்டுப் பக்கம் ஒரு மெக்கானிக்கிடம் பழைய பிஸ்டன் பின் வாங்கி வாசித்தேன். உள்ளே கூடு, எடை இல்லை, கம்பிமேல் குதிக்கும். பிறகு லேத்தில் கொடுத்து, முக்கால் அங்குலக் கனத்தில் மூன்றங்குலத்துக்கு எவர்சில்வர் கம்பியைக் கடைந்து வாங்கினேன். 170 கிராம் வரும். கையில் வாங்கிப் பாருங்கள், அந்தப் பக்கமும் அனுப்புங்கள். திரும்பி வரட்டும், அது இல்லாமல் எனக்குக் கை ஓடாது.

இந்த உருளை நேரானது. விஷயமே அதில்தான் இருக்கிறது. சாதாரணக் கிட்டாரில் நாலு விரலை நாலு இடத்தில் வைக்கலாம். இங்கே ஆறு கம்பிக்கும் ஒரே கோடு. உருளையைச் சாய்த்துப் பிடித்துக் கொஞ்சம் தப்பிக்கலாம், ஆனால் சுருதி சேர்வது பெரும்பாடு. கம்பிக்குக் கம்பி என்ன இடைவெளி வைத்தேனோ, அதே இடைவெளியோடு எல்லாம் சேர்ந்து நகரும். ஆகவே என்ன வாசிக்க முடியும், எது முடியாது என்பது கம்பியை முறுக்கும் கீயைத் திருகும்போதே முடிவாகிவிடுகிறது.

கம்பிகளுக்குச் சுருதி வைக்கப் பலரும் பிடிக்கும் முறை சி சிக்ஸ்த். மேல்நாட்டுச் சுரப் பெயரில், தடித்த கம்பியிலிருந்து சி, ஈ, ஜி, ஏ, சி, ஈ. ஜெர்ரி பைர்ட் என்ற அமெரிக்கக் கலைஞர் வழியாகப் பரவியது. நம் கணக்கில் சொன்னால் ஸ, க, ப, த, ஸ, க. மோகன ராகத்தில் ரி ஒன்றுதான் பாக்கி. நாலாவதாக நிற்கும் ஏ-யை ஸட்ஜமாக நினைத்துக்கொண்டால் அதே கம்பிகள் சுத்த தன்யாசி ராகத்துப் பக்கம் சாயும். இதைக் கண்டுபிடித்த இரவு எனக்குத் தூக்கம் போனது.

தூக்கம் போனதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இந்த முறைக்காக, சாதாரணக் கிட்டார் கம்பிகளை மாற்றாமல், டி கம்பியை ஜி வரைக்கும் திருகிக்கொண்டே போனேன். ஐந்து அரை சுரம் (ஆர்மோனியத்தில் கறுப்பும் சேர்த்து அடுத்தடுத்த இரண்டு கட்டைக்கு உள்ள தூரம்தான் ஒரு அரை சுரம்). நீளம் மாறாத கம்பியில் சுருதி அவ்வளவு ஏறினால் இழுவிசை 78 சதவீதம் கூடும். இந்தக் கணக்கு அப்போது தெரியாது. 'டிங்' என்றது, மணிக்கட்டில் ஒரு கோடு. தழும்பு இன்னும் இருக்கிறது, பிறகு காட்டுகிறேன். அந்த இடத்தில் ஜி கம்பியைப் போட்டு, பக்கத்து இடத்தில் பி கம்பியைப் போட்டு ஏ-க்கு இறக்கியிருக்க வேண்டும். புது முறை பிடிக்க நினைப்பவர்கள் கீயில் கை வைக்குமுன் கம்பியின் கனத்தைப் பாருங்கள்.

அடுத்தது காந்தாரம், அதாவது ஈ. சுருதி பார்க்கும் டியூனர் கருவி பச்சை விளக்கு காட்டும், காது ஒத்துக்கொள்ளாது. சி-யையும் ஈ-யையும் சேர்த்து மீட்டுகிறேன். உள்ளே ஒரு நடுக்கம் கேட்கிறதா? நடு ஸ்தாயியில் அது வினாடிக்குப் பத்துத் தடவை. இப்போது ஈ-யை ஒரு மயிரிழை இறக்குகிறேன்... நடுக்கம் மெதுவாகிறது... இன்னும் மெதுவாகிறது... நின்றுவிட்டது. அரை சுரத்தை நூறாகப் பிரித்தால் அதில் 14 பங்குதான் இறக்கினேன். இனி உருளை எங்கே போனாலும் இந்தச் சுத்தம் கூடவே போகும். கூத்துக்கு வரும் ஆர்மோனியத்தில் இந்த வசதி கிடையாது, பாவம், அதன் கட்டைகள் அப்படியே நிற்கும்.

வினோதமானதையும் சொல்கிறேன். பாஸ்டன் பெர்க்லி இசைக் கல்லூரியில் ஆசிரியராக இருந்த வில்லியம் லீவிட் ஒரு முறை அமைத்தார்: சி ஷார்ப், ஈ, ஜி, பி ஃப்ளாட், சி, டி. ஆறையும் ஒன்றாக மீட்டினால் தெருவில் வேண்டாத சண்டை மாதிரி இருக்கும். இதோ. சிரிக்கிறீர்கள். ஆனால் ஈ, ஜி, சி மூன்றை மட்டும் எடுத்தால் சி மேஜர் என்ற இனிய சுரக் கூட்டு. ஜி, பி ஃப்ளாட், டி எடுத்தால் ஜி மைனர். எதை மீட்டுவது என்பதைவிட எதை விடுவது என்று வலக்கை பழக வேண்டும். ஜாஸ் வாசிப்பவர்களுக்கு இது தங்கம். எனக்கு ஆறு மாதம் ஓடியதுதான் மிச்சம்.

நம் காதுக்கு நெருக்கமாக வந்தது டி, ஏ, டி, ஜி, ஏ, டி. டேவி கிரஹாம் என்ற இங்கிலாந்துக் கிட்டார் கலைஞர் 1960களின் தொடக்கத்தில், மொராக்கோவில் ஊத் என்ற அரபுக் கம்பி வாத்தியத்தைக் கேட்ட பிறகு பிடித்தது. ஸ, ப, ஸ, ம, ப, ஸ. தம்புராவுக்குப் பக்கத்து வீடு. காந்தாரமே இல்லை. காந்தாரத்தில் வேறுபடும் ராகங்களான சங்கராபரணமா கரஹரப்ரியாவா என்று கம்பி முன்கூட்டியே முடிவு செய்யாது.

என்ன ஐயா? கேளுங்கள்... பின்னால் இருப்பவர்களுக்காகத் திருப்பிச் சொல்கிறேன். "வீணையில நாலு கம்பியில ஸ, ப, ஸ, ப வெச்சு எல்லா ராகமும் வாசிக்கிறாங்க. உனக்கு ஏம்ப்பா ராகத்துக்கு ஒரு முறுக்கு?"

நியாயமான கேள்வி. ஒற்றைக் கம்பியில் ஒரு கீர்த்தனை வாசிப்பதென்றால் ஐயா சொல்வதே சரி, எதையும் மாற்ற வேண்டாம். எனக்கு இரண்டு கம்பி சேர்ந்து பேச வேண்டும் என்று ஆசை. அங்கேதான் சிக்கல். ஹிந்தோள ராகத்தில் பஞ்சமம், அதாவது ப, கிடையாது. ப கம்பி தெரியாமல் பட்டுவிட்டாலும் ராகம் போச்சு. அதனால் டி, ஜி, டி, ஜி, பி, டி என்று சுருதி வைக்கும் ஓப்பன் ஜி முறையை எடுத்து, பி-யை மட்டும் அரை சுரம் இறக்கினேன். டி-யை ஸட்ஜமாக வைத்தால் ஸ, ம, ஸ, ம, த, ஸ. ஆறு கம்பியில் ஒன்றுகூட ராகத்துக்கு வெளியே இல்லை.

இப்போது கீழ்க் கம்பிகளில் ஸ, ம ஜோடியை எடுத்து உருளையை நகர்த்துங்கள். கிட்டார் கழுத்தில் அரை சுரத்துக்கு ஒன்றாக இருக்கும் கோடுகளில் மூன்றாவதில் க, த. ஐந்தில் ம, நி. பத்தில் நி, க. எல்லாம் ஹிந்தோளத்துச் சொந்தக்காரர்கள். எட்டில் மட்டும் தைவதத்துக்கு ஜோடியாகச் சுத்த ரிஷபம் வந்து உட்காரும். அழைக்காத விருந்தாளி. அந்த ஒரு இடத்தில் ஒற்றைக் கம்பிதான், மற்றதை வலது உள்ளங்கையால் அமுக்கிவிட வேண்டும். இதை எந்தப் புத்தகத்திலிருந்தும் எடுக்கவில்லை. ஒரு மழை நாளில் கரண்ட் போய், பேச்சுத் துணைக்கு ஆளில்லாமல் கிடைத்தது.

உருளை வந்துவிட்டதா? கொடுங்க தம்பி. இதோ பி கம்பியை இறக்குகிறேன்... இன்னும் கொஞ்சம்... சரி. முதலில் ஜோடி ஜோடியாகப் போகிறேன், பிறகு ஆலாபனை. எட்டாம் கோட்டில் தவறி இரண்டும் ஒலித்துவிட்டால், ஐயா, நீங்களே கையைத் தூக்கிவிடுங்கள்.