பத்து டாலர் தவளை

வணக்கம். வானொலியில் ஐந்து நிமிடம் தந்திருக்கிறார்கள், தவளையைப் பற்றிக் கதைக்க. நாய் பூனையைப் பற்றிக் கதைக்கத்தானே ஆட்களைக் கூப்பிடுவார்கள் என்று நீங்கள் நினைக்கலாம். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. நாங்கள் டொரொண்டோவின் ஸ்காபரோவில் அடுக்குமாடியில் இருந்தோம், வீட்டுக்காரர் நாய் பூனை கூடாது என்று முதல் நாளே சொல்லிவிட்டார், மகளுக்கு ஆறு வயது, ஏதாவது உயிருள்ளது வேணும் என்று ஒரே அழுகை. 2011இல் மீன் கடையில் தண்ணீருக்குள்ளேயே வாழுகிற தவளை என்று இரண்டைக் காட்டினார்கள். கரைக்கே வராதாம். எங்கள் இருபத்தைந்து சதக் காசு அளவுதான் இருந்தது. குட்டைத் தவளை, இதற்கு மேல் வளராது, மீனோடு சேர்த்து வைக்கலாம் என்றார் கடைக்காரர். ஒன்று பத்து டாலர். அம்மாதான் வாசலில் நின்று கேட்டா: "என்ன பிள்ளை, ஊரில தவளையை விளக்குமாறால விரட்டின நீ, இஞ்ச காசு குடுத்து வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாய்?"

தொட்டியில் ஐந்து கப்பி மீன்களும் இருந்தன. சில மாதத்தில் நான்காகின. பிறகு மூன்று. மீனை ஃபில்டர் இழுக்கிறது என்று நான் ஃபில்டரைக் கழற்றிப் பார்த்தேன், அம்மா பக்கத்து வீட்டுப் பூனை என்றா, எட்டாம் மாடியில் எந்தப் பூனை வரும்? ஒரு நாள் இரவு இரண்டு மணிக்குத் தண்ணீர் குடிக்க எழும்பி லைட்டைப் போட்டால், தவளைகளில் பெரியவன் தொட்டியின் நடுவில் அசையாமல் இருக்கிறான், வாயோரம் ஒரு சிவப்பு வால் ஆடுகிறது. இரண்டு முன்கையாலும் அதை உள்ளே தள்ளுகிறான், நாங்கள் பிட்டை அள்ளி வாயில் போடுகிற மாதிரி. இந்தத் தவளைக்கு நாக்கே கிடையாது, அதனால்தான் கையால் திணிக்கிறது என்று பிறகுதான் அறிந்தேன். அன்றிரவு எனக்குத் தெரிந்ததெல்லாம், காலையில் மகளுக்கு என்ன சொல்வது என்ற கவலைதான்.

அது குட்டைத் தவளையே இல்லை. ஆப்பிரிக்க நகத் தவளை. பெயருக்கேற்றபடி பின்காலில் மூன்று விரல்களில் சின்னக் கறுப்பு நகம் இருக்கும். இரண்டும் குஞ்சில் ஒரே மாதிரித்தான் தெரியும், அதனால் இதை மட்டும் மறக்காதீர்கள்: முன்கையைப் பாருங்கள். விரல்களுக்கு நடுவே சவ்வு இருந்தால் குட்டைத் தவளை. விரல்கள் எங்கள் விரல் மாதிரித் தனித்தனியாக இருந்தால் நகத் தவளை, பெண்ணென்றால் உள்ளங்கை அளவுக்கு வளரும், வாய்க்குள் போகிற எதையும் விடாது. வெள்ளையாக, சிவப்புக் கண்ணோடு விற்கிறார்களே, அதுவும் நகத் தவளைதான். திரும்பவும் சொல்கிறேன், முன்கை.

மகள் அதற்குக் குண்டன் என்று பெயர் வைத்தாள். பிறகு அது முட்டை போட்டது, பெயரை மாற்ற மனமில்லை. துணையாக வாங்கினது போய்விட்டது, குண்டன் இன்னும் இருக்கிறது. மகள் இப்போது பல்கலைக்கழகத்தில், வேறு நகரத்தில், விடுதியில் தவளைக்கு இடமில்லையாம். நகத் தவளை பதினைந்து வருடம் சாதாரணமாக இருக்கும், அதற்கு மேலும் இருக்கும். யார் பார்ப்பது? நான்தான்.

கோபித்துக்கொண்டே பார்க்கப் போய், எனக்கு அது பிடித்துப்போய்விட்டது. அதன் உடம்பின் இரண்டு பக்கமும் தையல் போட்ட மாதிரிக் கோடுகள் ஓடும். தண்ணீரின் அசைவை அந்தக் கோடுகளால்தான் உணருகிறது, ஃபில்டர் வேகமாக ஓடினால் அதற்குப் பக்கத்தில் மைக் வைத்துக் கத்துகிற மாதிரி இருக்கும்போல. மெதுவாக விடுங்கள். இடைக்கிடை தோலை உரிக்கும். பனியனைத் தலைவழியாகக் கழற்றுகிற மாதிரி உரித்து, அப்படியே வாய்க்குள் போட்டு விழுங்கிவிடும். அம்மா ஒருமுறை பார்த்துவிட்டு அன்று சோறே சாப்பிடவில்லை.

தண்ணீர் விஷயம். ஊரில் நாங்கள் கிணற்றில் அள்ளி ஊற்றுவோம். இங்கே குழாய்த் தண்ணீரை ஒரு இரவு வாளியில் வைத்தால் குளோரின் பறந்துவிடும் என்று பலர் இன்னும் சொல்கிறார்கள். டொரொண்டோவில் போடுவது குளோரமின், அது அப்படிப் பறக்காது. மீன் கடையில் விற்கிற நீக்கி மருந்தைக் கட்டாயம் விட வேணும், தவளை தோலால் தண்ணீரை உறிஞ்சுகிறது. மூடி இறுக்கமாக இருக்க வேணும், ஒருமுறை சோபாவுக்குப் பின்னால் தூசி அப்பிக் கிடந்ததைக் கண்டெடுத்தோம். அடியில் சின்னக் கல் போடாதீர்கள், விழுங்கிவிடும்.

குட்டைத் தவளையும் வைத்திருக்கிறேன், தனித் தொட்டியில், சூடாக்கியோடு. ஆண் இரவில் மெல்லிய ரீங்காரம் போடும். அம்மா ஒரு வாரம் ஃபிரிட்ஜ் பழுதென்று சொல்லிக்கொண்டிருந்தா. அந்த ஃபிரிட்ஜுக்குள்தான் தவளைக்குப் போடுகிற உறைந்த இரத்தப்புழுவும் இருக்கிறது, கணவாய்க்குப் பக்கத்தில், அது வேறு சண்டை.

1930களில் இந்த நகத் தவளையை வைத்துத்தான் பெண்கள் கர்ப்பமா என்று பார்த்தார்கள், கர்ப்பிணியின் சிறுநீரை ஊசியால் ஏற்றினால் தவளை முட்டை போட்டுவிடும், அப்படித்தான் இது உலகமெல்லாம் போனது என்று நிறையச் சொல்ல வைத்திருந்தேன், ஆனால் கண்ணாடிக்கு அங்கால தம்பி ஒரு விரலைக் காட்டுகிறார். ஒரு நிமிடம்.

சரி, வேகமாக. சலித்துப்போனால் குளத்தில் விடாதீர்கள். கலிஃபோர்னியாவிலும் சிலியிலும் பிரான்ஸிலும் அப்படிப் போய்ப் பெருகியிருக்கின்றன, உள்ளூர்த் தவளைகளைக் கொல்லுகிற பூஞ்சையையும் சுமக்கும். கலிஃபோர்னியாவில் வைத்திருக்கவே தடை. அப்புறம் கை. 2008க்கும் 2011க்கும் இடையில் அமெரிக்காவில் குட்டைத் தவளைத் தொட்டியிலிருந்து சால்மொனெல்லா என்கிற வயிற்றுப்போக்குக் கிருமி பரவியது, அதிகம் பாதிக்கப்பட்டது சின்னப் பிள்ளைகள். தொட்டித் தண்ணீரைச் சமையலறை சிங்கில் ஊற்றாதீர்கள், கழிவறையில் ஊற்றுங்கள், பிறகு சவர்க்காரம் போட்டு… சரி தம்பி, சரி, முடித்துவிட்டேன்.