முற்றுகைக்குள் ஒரு கிரயப் பத்திரம்

நேயர்களுக்கு வணக்கம். கிருஷ்ணகிரியில் 31 வருடம் பத்திரம் எழுதிப் பிழைத்தவன் நான். சாமியார் இல்லை, உபதேசியாரும் இல்லை. நம்பிக்கையோடு அன்றாட வாழ்க்கையை நடத்துவதைப் பற்றிக் கிறிஸ்தவர் ஒருவர் பேச வேண்டும் என்று கேட்டபோது, "எங்கள் பங்குச் சாமியாரைக் கூப்பிடுங்களேன்" என்றுதான் சொன்னேன். அவர் போன மாதமே பேசிவிட்டாராம். சரி, எனக்குத் தெரிந்தது பத்திரம். அதை வைத்தே பேசுகிறேன்.

விவிலியத்தில் ஒரு கிரயப் பத்திரம் இருக்கிறது. இறைவாக்கினர் எரேமியாவின் நூல், 32ஆம் அதிகாரம். ஆபிரகாம் தன் மனைவி சாராவை அடக்கம் செய்ய நிலம் வாங்கிய கதையும் தொடக்க நூலில் உண்டு. அதில் நிலத்திலிருந்த மரங்கள்கூடக் கணக்கில் வரும், நாம் "மேற்படி நிலத்திலுள்ள மா, புளி மரங்கள் உட்பட" என்று எழுதுவோமே, அதுபோல. ஆனால் எழுத்தர், சாட்சி, முத்திரை, நகல் என்று எல்லாச் சடங்கோடும் நடந்த பதிவு எரேமியாவுடையதுதான். முதல் தடவை அந்தப் பக்கத்தைத் தொழில் கண்ணோடு படித்தபோது எனக்கு நிஜமாகவே மயிர்க்கூச்செறிந்தது.

காலம் கி.மு. 587ஐ ஒட்டி. பாபிலோன் அரசன் நெபுகத்னேசரின் படை எருசலேமைச் சுற்றி வளைத்திருக்கிறது. நகரம் விழத்தான் போகிறது என்று வாய்விட்டுச் சொன்னதற்காக எரேமியாவைக் காவல்கூடத்து முற்றத்தில் அடைத்து வைத்திருக்கிறான் அரசன் செதேக்கியா. அந்த நேரம் பார்த்து ஒரு பங்காளி வருகிறான். பெயர் அனமேல். "நம் ஊர் அனத்தோத்தில் என் நிலம் இருக்கிறது. நீ வாங்கிக்கொள். வாங்கும் உரிமை முறைப்படி உனக்குத்தான்" என்கிறான்.

அனத்தோத்து எருசலேமிலிருந்து ஐந்து கிலோமீட்டர்தான். நகரத்தைச் சுற்றி எதிரிப் படை நிற்கும்போது அந்த நிலம் யார் கையில் இருக்கும்? பங்காளிகளைப் பற்றி நான் சொல்லி உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. என் மேஜைக்கு எதிரே இப்படி இரண்டு பேர் வந்து உட்கார்ந்திருந்தால், வாங்குகிறவரை வெளியே டீக்கடைப் பக்கம் கூட்டிப் போய், "அய்யா, சுவாதீனமே இல்லாத சொத்து, வேண்டாம்" என்று காதில் சொல்லியிருப்பேன்.

எரேமியா வாங்கினார். விலை 17 செக்கேல் வெள்ளி, நம் கணக்கில் ஏறக்குறைய 200 கிராம். தராசில் நிறுத்துக் கொடுத்தார். பத்திரம் எழுதி முத்திரை வைத்தார். சாட்சிகள் கையெழுத்துப் போட்டார்கள். முத்திரையிட்ட படி ஒன்று, திறந்த படி ஒன்று. இரண்டையும், முற்றத்தில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் பார்க்க, பாரூக்கு என்பவரிடம் கொடுத்தார். பாரூக்கு எரேமியாவின் எழுத்தர், அதாவது எங்கள் ஆள். "இவற்றை ஒரு மண்பாண்டத்தில் போட்டு வை. நெடுநாள் கெடாமல் இருக்கட்டும். இந்த நாட்டில் வீடும் வயலும் திராட்சைத் தோட்டமும் மறுபடி விலைக்கு வாங்கப்படும் என்று ஆண்டவர் சொல்கிறார்" என்றார்.

மண்பாண்டம் என்றதும் சிரிக்க வேண்டாம். சாக்கடல் ஓரத்துக் கும்ரான் குகைகளில் 1947 வாக்கில் ஆடு மேய்ப்பவர்கள் கண்டெடுத்த சுருள்கள் சாடிகளுக்குள்தான் இருந்தன. ஏறக்குறைய 2000 வருடம் தாங்கியிருக்கின்றன. என் அம்மா எங்கள் வீட்டுப் பத்திரத்தை டிரங்குப் பெட்டியில் வசம்புத் துண்டோடு வைத்திருந்தார். அதிலேயே ஓரம் அரித்துவிட்டது.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது இதற்கு அடுத்து வருவது. எல்லாம் முடிந்து, பத்திரம் கைமாறிய பிறகுதான் எரேமியா செபிக்க உட்காருகிறார். செபத்தின் கடைசியில் மனத்திலிருப்பது வெளியே வருகிறது. "பாரும், மதில்வரை மண்மேடு எழுப்பிவிட்டார்கள். நகரம் எதிரி கையில் போகிறது. நீரோ சாட்சி வைத்து நிலம் வாங்கு என்கிறீர்!" இதுதான் அதன் சாரம். சந்தேகம் தீர்ந்த பிறகு கையெழுத்துப் போட்டவர் இல்லை அவர். கையெழுத்தைப் போட்டுவிட்டுச் சந்தேகத்தோடு கடவுள் முன் போய் நின்றவர். நமக்கெல்லாம் மனம் முழுக்கத் தெளிந்தால்தான் நம்பிக்கை என்று ஓர் எண்ணம். கை முந்திக்கொள்ளலாம், மனம் பின்னால் மூச்சிரைத்துக்கொண்டு வரட்டும் என்பது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்திருக்கிறது.

இன்னொன்று. எரேமியாவுக்குக் குடும்பம் இல்லை. இந்த இடத்தில் நீ மணம் முடிக்க வேண்டாம், பிள்ளைகள் வேண்டாம் என்று அவருக்குச் சொல்லப்பட்டதை அதே நூலின் 16ஆம் அதிகாரத்தில் பார்க்கலாம். பழைய பத்திரங்களில் நாங்கள் ஒரு வாக்கியம் எழுதுவோம்: "புத்திர பௌத்திர பாரம்பரியமாய், சூரிய சந்திரர் உள்ளவரை, சர்வ சுதந்திர பாத்தியதையுடன் ஆண்டனுபவித்துக் கொள்வீராகவும்." ஆயிரக்கணக்கில் எழுதியிருப்பேன், ஒரு தடவையும் நின்று யோசித்ததில்லை. எரேமியாவுக்குப் புத்திரரும் இல்லை, பௌத்திரரும் இல்லை. பிற்பாடு அவரை எகிப்துக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். அந்த நிலத்தில் அவர் ஒரு பிடி தானியம் அறுத்ததாக எங்கும் எழுதியிருக்கவில்லை. அப்படியென்றால் யாருக்காக வாங்கினார்? திரும்பி வரப்போகிற யாரோ சிலருக்காக. வாரிசு என்ற கலத்தில் ஒரு ஊரையே எழுதிவிட்டார் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

எங்கள் வீட்டில் இரண்டு விவிலியம் உண்டு. நான் எலத்தகிரிப் பக்கத்துக் கத்தோலிக்கன், மனைவி சி.எஸ்.ஐ. என்ற தென்னிந்தியத் திருச்சபைக் குடும்பம். அவருடைய பழைய மொழிபெயர்ப்பில், கடவுளை நம்புவதற்கு விசுவாசம் என்று ஒன்று, வரப்போவதை எதிர்பார்த்திருப்பதற்கு நம்பிக்கை என்று ஒன்று. என்னுடைய பொது மொழிபெயர்ப்பில் அந்த விசுவாசம் நம்பிக்கை ஆகிவிட்டது, அந்த நம்பிக்கை எதிர்நோக்கு ஆகிவிட்டது. கல்யாணமான புதிதில் இதற்காகவே அரைமணி நேரம் சண்டை போட்டிருக்கிறோம். எதிர்நோக்கு என்ற சொல் எனக்கு அப்போது செயற்கையாகப் பட்டது. 2025ஐத் திருத்தந்தை பிரான்சிஸ் எதிர்நோக்கின் யூபிலி ஆண்டாக, அதாவது சிறப்புப் புனித ஆண்டாக, அறிவித்தபோது கோயிலில் பேனர் முழுக்க அந்தச் சொல்தான். வருஷம் முழுக்கப் பார்த்ததில் பிடித்துப்போய்விட்டது. பஸ் வரும் திசையைப் பார்த்துக்கொண்டு மூட்டையோடு நிற்கிறோமே, அந்த நிற்பு அதில் இருக்கிறது.

2017 ஜனவரி. அதற்கு முந்தைய வடகிழக்குப் பருவமழை பொய்த்து, தமிழ்நாடே வறட்சி என்று அறிவிப்பு வந்த நேரம். மாமரத்துக்கு டேங்கர் லாரியில் தண்ணீர் வாங்கி ஊற்றினார்கள். போர்வெல் ஆயிரம் அடியைத் தாண்டியும் புழுதிதான் வந்தது. கூடவே 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாமல் போன குழப்பம் வேறு. எங்கள் மேஜைக்கு விற்க வருகிறவர்கள் உண்டு, வாங்க ஆள் இல்லை. அப்போது பெங்களூரில் சித்தாள் வேலை செய்கிற ஓர் அம்மா வந்தார். சொந்த ஊரில் 40 சென்ட் மேட்டு நிலம் வாங்க வேண்டும் என்றார். கிணறு இல்லை, போர் இல்லை, இரண்டு புளியமரம். பத்திர எழுத்தர் இதைக் கேட்கக் கூடாது. நான் கேட்டேன். "ஏம்மா, இந்த வருஷமா நிலம் வாங்குவாங்க?"

"இந்த வருஷந்தான் சார் எங்களுக்கு எட்டுற வெலைக்கு வருது" என்றார்.

பெரிய ஆன்மிகப் பதிலை எதிர்பார்த்தவனுக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. அவர் கிறிஸ்தவரும் இல்லை. பத்திரம் பதிவான கையோடு, ரேகை வைத்த மை பெருவிரலில் காய்வதற்குள், பெங்களூர் பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டார். அன்று சாயங்காலம் எரேமியா 32ஐ மறுபடி எடுத்துப் படித்தேன்.

அதற்குப் பிறகு மழை வராமல் இல்லை. அதே 2017 கடைசியில் எங்கள் கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணை நிரம்பி ஒரு ஷட்டரே உடைந்தது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின்போது ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டி ஏரிகள் உடைந்தன. கேட்ட மழை கேட்ட அளவில் வருவதில்லை. எதிர்நோக்கு என்றால் நினைத்தபடி நடக்கும் என்று யாராவது பிரசங்கம் செய்தால், ஊத்தங்கரைக்காரர் எழுந்து போய்விடுவார்.

என் பக்கத்துப் பிழை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பத்திரத்தில் நான்கெல்லை எழுதும்போது கிழக்கையும் மேற்கையும் மாற்றிப் போட்டுவிட்டேன். ஏழு மாதம் கழித்து வேலி போடப் போனபோதுதான் தெரிந்தது. இரண்டு குடும்பமும் என் வீட்டு வாசலில். பதிவான பத்திரத்தைக் கிழித்துப் போட முடியாது, அடித்து எழுதவும் முடியாது. பிழைதிருத்தல் பத்திரம் என்று தனியாக ஒன்று எழுதிப் பதிய வேண்டும். செலவை நான் ஏற்றுக்கொண்டேன், மூன்று இரவு தூக்கம் போயிற்று. அந்த வாரம் பாவசங்கீர்த்தனத்துக்கு, அதாவது சாமியாரிடம் குற்றங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்க, போனேன். மேற்கிலிருந்து கிழக்கு எவ்வளவு தூரமோ அவ்வளவு தூரத்துக்கு நம் குற்றங்களை அகற்றுகிறார் என்ற 103ஆம் திருப்பாடலைச் சாமியார் நினைவூட்டினார். நான் சிரித்துவிட்டேன். கிழக்கு மேற்கு சமாச்சாரம் அவருக்குத் தெரியாது.

தினமும் சொல்லும் செபத்தில் "எங்கள் அனுதின உணவை எங்களுக்கு இன்று அளித்தருளும்" என்கிறோம். இன்றைக்கு மட்டும்தான் கேட்கிறோம், நாளைக்குச் சேர்த்துக் கேட்பதில்லை. பத்திரமோ சூரிய சந்திரர் உள்ளவரைக்கும். இந்த இரண்டு கணக்கும் எப்படி ஒரே ஆளுக்குள் இருக்கும் என்று எனக்கு ரொம்ப நாள் பிடிபடவில்லை.

போன மழைக்காலத்தில் அந்த 40 சென்ட் அம்மா மறுபடி வந்தார். பட்டாவில் அப்பா பெயர் தப்பாக விழுந்திருக்கிறது, என்ன செய்யலாம் என்று கேட்க. நிலத்தில் மகன் பத்து ஒட்டு மாங்கன்று வைத்தானாம், ஆறு பிடித்திருக்கிறதாம். "பத்திரம் கொண்டு வந்தீங்களா?" என்றேன். பையிலிருந்து ஒரு எவர்சில்வர் தூக்குப்போசியை எடுத்து மேஜை மேல் வைத்தார். மூடியைத் திறந்தால் உள்ளே பிளாஸ்டிக் கவர், அதற்குள் நான் எழுதிய பத்திரம், கூட நாலைந்து காய்ந்த வேப்பிலை. ஒரு மடிப்புக்கூடக் கலையவில்லை.

"பெங்களூர்ல தகரக் கொட்டாய் சார், மழை வந்தா ஒழுகும். வேலைக்குப் போறப்ப சோறு கொண்டு போற போசி இது, இதுதான் நல்லா மூடும்."

"அப்ப சோத்துக்கு?"

"சோத்துக்கு வேற போசி வாங்கிட்டேன்" என்றார்.