அஜெண்டாவைப் படிக்கிறவர் யார்?

நேயர்களுக்கு வணக்கம். மாநகராட்சி மாமன்றக் கூட்டம் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? காலிக் குடத்தோடு உள்ளே வந்த கவுன்சிலர், மைக்குக்கு நடந்த இழுபறி, வெளிநடப்பு, வாசலில் தர்ணா. மறுநாள் பேப்பரில் படத்தோடு வருவது அதுதான். நான் உள்ளாட்சியில் மன்றப் பிரிவு எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். கூட்டத்துக்கான பொருள்களைத் தொகுப்பது, அஜெண்டாவை அச்சடித்து உறுப்பினர்களுக்கு அனுப்புவது, கூட்டம் முடிந்ததும் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றுவது, இதெல்லாம் எங்கள் பிரிவின் வேலை. எந்த ஊர் என்று கேட்காதீர்கள். கொங்குச் சீமைதான், நொய்யலுக்கும் காவிரிக்கும் நடுவில் ஏதோ ஓர் ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கோயம்புத்தூரில் பஸ் கண்டக்டர் 'டவுன்ஹால், டவுன்ஹால்' என்று கூவுகிறாரே, அந்த விக்டோரியா ஹாலில்தான் அங்கே மாமன்றம் கூடுகிறது. 1892ல் கட்டிய கட்டடம். கோவை நகராட்சி அதற்கும் முந்தியது, 1866ல் வந்தது. மாநகராட்சி ஆனது 1981ல். இன்றைக்கு அங்கே 100 வார்டு. திருப்பூர், ஈரோடு, சேலம் மூன்றிலும் 60 வார்டு. எந்த ஊரானாலும் கூட்டத்தின் போக்கு ஏறக்குறைய ஒன்றுதான். தமிழ்த்தாய் வாழ்த்து, யாராவது காலமாகியிருந்தால் இரங்கல், அப்புறம் பொருள்கள்.

பொருள் என்றால் என்ன? உங்கள் வீதியில் எரியாத விளக்கு ஒரு பொருள். போர்வெல் மோட்டார் காயில் மாற்றுவது ஒரு பொருள். பஸ் ஸ்டாண்டில் சைக்கிள் ஸ்டாண்டு ஏலம், கட்டணக் கழிப்பிடக் குத்தகை, தினசரி மார்க்கெட் சுங்க வசூல், பள்ளிக்கூடத்துக்கு மேசை நாற்காலி, குப்பை வண்டிக்கு டயர், நாய்களுக்குக் கருத்தடை. ஒவ்வொன்றுக்கும் ஒரு எண், மதிப்பீட்டுத் தொகை, எந்த நிதியிலிருந்து செலவு என்ற குறிப்பு. கடைசியில் ஒரு வரி இருக்கும், 'மன்றத்தின் அனுமதிக்கு வைக்கப்படுகிறது' என்று. அந்தக் கடைசி வரியைத்தான் நான் எல்லாருக்கும் முதலில் காட்டுவேன்.

ஏனென்றால் அந்த வரி எப்போதும் ஒரே மாதிரி இருக்காது. 'அனுமதிக்கு' என்றால் வேலை இனிமேல்தான் நடக்கப்போகிறது, நீங்கள் வேண்டாம் என்று சொல்லலாம். 'பின்னேற்புக்கு' என்றால் அவசரம் என்று சொல்லி வேலையை முன்னாலேயே செய்துவிட்டார்கள், இப்போது ஒப்புதல் மட்டும் கேட்கிறார்கள். குழாய் உடைந்து வீதியெல்லாம் தண்ணீர் ஓடும்போது கூட்டம் கூடும்வரை காத்திருக்க முடியாது, நியாயம்தான். ஆனால் பின்னேற்புப் பொருள்கள் மாதாமாதம் கூடிக்கொண்டே போனால் கொஞ்சம் கண்ணை அகல விரித்துப் பார்க்க வேண்டும். மூன்றாவது, 'பார்வைக்கும் பதிவுக்கும்'. அரசாணை மாதிரி, மன்றம் மாற்ற முடியாத சங்கதிகள் இந்த வகையில் வரும்.

இத்தனையும் நூறு பக்கத்துக்குக் குறையாமல் ஒரு புத்தகமாகப் போகும். அதோடு கூட்டத்தன்று காலையில் கையில் கொடுக்கிற டேபிள் அஜெண்டா வேறு. யார் படிப்பார்கள்? அதுதான் என் கேள்வி. பேச நேரம் கேட்டுச் சண்டை போடுகிற பாதிப் பேர் கையில் புத்தகம் பிரிக்காமலே இருக்கும். முதல் இரண்டு மணி நேரம் குடிதண்ணீர், குப்பை, தெருநாய் என்று பொதுப் பேச்சு. சாப்பாட்டு நேரம் நெருங்கியதும் 'பொருள் ஒன்று முதல் கடைசி வரை', 'ஆல் பாஸ்'. முடிந்தது கூட்டம்.

ஒரு அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெண்கள் வார்டில் ஜெயித்து வந்தவர். வீட்டுக்காரர்தான் எல்லாம் பார்த்துக்கொள்வார் என்று நாங்களே நினைத்தோம். அவரும் முதல் சில கூட்டங்களில் வாயே திறக்கவில்லை. ஆனால் அவர் புத்தகத்தைப் பார்த்தால் தெரியும், அங்கங்கே முனை மடித்து, பேனாவில் கோடு போட்டு, ஓரத்தில் மளிகைக் கணக்கு மாதிரி கூட்டல் போட்டிருப்பார். ஒரு நாள் வழக்கம்போல 'ஆல் பாஸ்' என்று குரல் கிளம்புகிறது. அக்கா எழுந்து நின்றார். மைக் இல்லை. மைக் இருந்த பக்கம் வேறு சண்டை.

"ஏனுங், இந்த வடிகால் பொருளைக் கொஞ்சம் பாருங்க. கோயில் வீதியில கிழக்க ஆரம்பிச்சு, மேற்கால பெரிய சாக்கடை வரைக்கும்னு போட்டிருக்குதுங்க."

பொறியாளர் சொன்னார், "ஆமாங்கம்மா, அங்கதான் சாக்கடை இருக்குது."

"சாக்கடை இருக்குதுங்க. ஆனா மேற்கால மேடுங்க. மழை பேஞ்சா எங்க வீதித் தண்ணி பூரா கிழக்கால பள்ளத்துக்குத்தானுங்க ஓடும். தண்ணி மேட்டுக்கு ஏறுமுங்களா?"

சிரிப்பு. "லெவல் எல்லாம் எடுத்துத்தானுங்கம்மா போட்டிருக்கோம்" என்றார் அவர். அக்கா உட்காரவில்லை. "அப்ப எடுத்த லெவல் புஸ்தகத்தைக் காட்டுங்க, நான் உக்காந்துக்கறேன்." தரையின் மேடு பள்ளத்தை அளந்து எழுதுகிற அந்த லெவல் புத்தகம் அன்றைக்கு அங்கே இல்லை. தலைமை இருக்கையில் இருந்தவர் நல்ல மனுஷர், அந்த ஒரு பொருளை மட்டும் ஒத்தி வைத்தார். அடுத்த வாரம் வீதிக்குப் போய் லெவல் எடுத்தார்கள். மேற்கே மேடுதான். மதிப்பீடு மாறி, அடுத்த கூட்டத்துக்குத் திருத்திய பொருளாக வந்தது. வடிகால் கிழக்கு நோக்கிப் போனது. அன்றைய பேப்பரில் என்ன செய்தி தெரியுமா? மைக் சண்டைதான். அக்கா பேர் ஒரு வரியில்கூட வரவில்லை.

இதில் எனக்கு இன்னொரு ஆதங்கம். தீர்மானப் புத்தகத்தில் அந்தச் சம்பவம் எப்படி ஏறியது? 'பொருள் ஒத்திவைக்கப்பட்டது.' அவ்வளவுதான். ஏன், யார் கேட்டு, என்ன கேட்டு, ஒன்றும் இல்லை. நீங்கள் மூன்று மணி நேரம் ஆவேசமாகப் பேசினாலும் புத்தகத்தில் 'விவாதத்துக்குப் பின் ஏற்கப்பட்டது' என்று ஒரு வரியில் அடங்கிவிடும். அதனால் நான் புதிதாக வருகிற ஒவ்வொரு கவுன்சிலரிடமும் தனியாகக் கூப்பிட்டுச் சொல்வேன். "கத்தாதீங்க. எழுந்து நின்னு, இந்தப் பொருளுக்கு என் எதிர்ப்பைப் பதிவு பண்ணுங்கன்னு சொல்லுங்க, எழுதியும் குடுங்க." நாளைக்குத் தணிக்கையோ வழக்கோ வந்தால் கையில் எடுத்துப் பார்க்கிறது அந்தப் புத்தகத்தைத்தான். கேட்டுக்கொண்டிருக்கிற கவுன்சிலர் யாராவது இருந்தால் மறுபடியும் சொல்கிறேன், எழுதிக் கொடுங்கள்.

கூச்சல் போடுகிற மன்றம் இருப்பதே மேல் என்றும் எனக்குத் தோன்றியது உண்டு. 2016 அக்டோபரில் மன்றங்களின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரியில்தான் நடந்தது. இடையில் மன்றமே இல்லை. அரசு நியமித்த தனி அலுவலர்தான் மன்றம். அப்போதும் பொருள் வந்தது, தீர்மானம் ஏறியது, புத்தகம் நிரம்பியது. எதிர்த்துப் பேச ஆள் மட்டும் இல்லை. கோவையில் 24 மணி நேரக் குடிநீருக்கு ஒரு வெளிநாட்டு நிறுவனத்தோடு 26 ஆண்டுக்குப் போட்ட ஒப்பந்தம் அந்தக் காலத்தில், 2018ல் கையெழுத்தானதுதான். நல்லதா கெட்டதா என்பது வேறு வாதம். அவ்வளவு நீண்ட ஒப்பந்தத்தில், முனை மடித்த புத்தகத்தோடு எழுந்து நிற்க அன்றைக்கு ஓர் அக்கா இல்லை.

மன்றம் வந்தபிறகும் எல்லாம் மன்றத்தின் கையில் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2022ல் சொத்துவரி ஏறியது ஞாபகம் இருக்கும். நம் பக்கத்து மாநகராட்சிகளில் 600 சதுர அடிக்குள் இருக்கிற வீட்டுக்கு 25 சதவீதம், 1,800க்கு மேலே போனால் 100 சதவீதம். விகிதம் அரசு சொன்னது. மன்றம் தீர்மானம் போட்டது. திட்டு வாங்கியது வீதியில் நடமாடுகிற கவுன்சிலர். ஈரோட்டில் ஒரு காலத்தில் நகராட்சித் தலைவர் நாற்காலியில் பெரியார் இருந்தார், ஊருக்குக் குழாய்த் தண்ணீர் கொண்டுவரப் பாடுபட்டார் என்று படிக்கிறோம். அப்பேர்ப்பட்டவர்கள் உட்கார்ந்த நாற்காலி அது. நிலைக்குழுக்களைப் பற்றி, முக்கியமாக வரி விதிப்புக் குழுவும் நகரமைப்புக் குழுவும் என்ன செய்கின்றன என்று விரிவாகச் சொல்லத்தான் குறிப்பு எழுதி வந்தேன். நேரம் ஆகிவிட்டது என்று ஸ்டூடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து கையைக் காட்டுகிறார்கள். சரி, குழுக்களை விட்டுவிடுகிறேன்.

ஏரியா சபையை மட்டும் சொல்லிவிடுகிறேன். கிராமத்துக்குக் கிராம சபை மாதிரி, நகரத்தில் வார்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து ஏரியா சபை. 2022 நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று நடந்தது உங்களுக்கு நினைவிருக்கலாம். அடுத்து உங்கள் பகுதியில் நடக்கும்போது போங்கள். போய், 'தண்ணி வரலீங்க' என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். உங்கள் வீதி வேலை எந்த மாதக் கூட்டத்தில் வந்தது, பொருள் எண் என்ன, அனுமதியா பின்னேற்பா என்று கவுன்சிலரிடம் கேளுங்கள். அவருக்குத் தெரியாவிட்டால் அடுத்த நாள் மன்றப் பிரிவுக்குத்தான் வருவார். அங்கே இப்போது இருக்கிற தம்பிகள் எடுத்துக் கொடுப்பார்கள்.

நன்றி, வணக்கம்.