சருகுக்குள் நடக்க விடுங்கள்

(ரொறன்ரோவின் ஸ்காபரோ பகுதியில் ஒரு நூலக மண்டபத்தில், சின்னப் பிள்ளைகள் உள்ள பெற்றோருக்கும் அவர்களைப் பகலில் பார்த்துக்கொள்ளும் அம்மம்மா, அப்பப்பாமாருக்கும் பேசியதை எழுத்தில் தருகிறேன்.)

எல்லோருக்கும் வணக்கம். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்தவர்களுக்கு இன்னும் பெரிய வணக்கம். அவர்கள் இடையில் ஓடட்டும், கத்தட்டும், எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை. நான் பல வருடம் பிள்ளைகள் பராமரிப்பு நிலையத்தில் வேலை செய்தவள், இப்போது இரண்டு வயதுப் பேரனுக்கு அம்மம்மா.

ஒக்டோபர் பிறந்ததும் எங்கள் வீடுகளில் ஒரு பேச்சுத் தொடங்கிவிடும். "வெளியே கொண்டுபோகாதே, குளிர், பிள்ளைக்குத் தடிமன் பிடிக்கும்." என் அம்மாவும் அதைத்தான் சொன்னார், நானும் என் மகளிடம் சொல்லியிருக்கிறேன். ஆனால் தடிமனைக் கொண்டுவருவது கிருமி. பூட்டிய அறைக்குள் எல்லோரும் நெருங்கி இருக்கும்போதுதான் அது கெதியாகப் பரவும். ரொறன்ரோவில் ஒக்டோபர் பகல் பெரும்பாலும் 10 பாகைக்கு மேலேதான் நிற்கும். நுளம்பு குறைந்துவிட்டது, வெயில் சுடாது, பனி இன்னும் வரவில்லை. நடக்கப் பழகின பிள்ளைக்கு இந்த ஊரில் இதைவிட நல்ல மாதம் இல்லை என்பதுதான் என் எண்ணம். ஜனவரியில் வெளியே போக ஆசைப்பட்டாலும் பூட்ஸ், கையுறை, தொப்பி எல்லாம் மாட்டி முடிக்கவே அரை மணித்தியாலம் போய்விடும்.

சரி, வெளியே போய் என்ன செய்வது? ஒன்றுமே செய்ய வேண்டாம், நடவுங்கள். போன வருடம் எங்கள் கட்டட வாசலிலிருந்து பஸ் தரிப்பிடம் வரை, பெரியவர்களுக்கு நாலு நிமிட நடை, நானும் பேரனும் 40 நிமிடம் நடந்தோம். ஸ்ரோலரை வீட்டிலேயே விட்டுவிட்டேன். அவன் ஒவ்வொரு இலைக்கும் குனிந்தான், ஒன்றை எடுத்தான், என் கையில் தந்தான், திரும்ப வாங்கினான், கீழே போட்டான், பிறகு அதே இலையைத் தேடினான். முதலில் எனக்குக் கால் வலித்தது, அதற்குப் பிறகு ஒன்றை விளங்கிக்கொண்டேன், எங்காவது போய்ச் சேரவேண்டும் என்ற நினைப்பு எனக்குத்தான் இருந்தது, அவனுக்கு இல்லை. சருகுக்குள் கால் புதையும்போது வருகிற அந்தச் சரசர சத்தத்துக்காக அவன் திரும்பித் திரும்பி நடந்தான். தரை எது, குச்சி எது, பள்ளம் எது என்று தெரியாத இடத்தில் கால் வைத்து நிதானம் பிடிப்பது அந்த வயதுக்கு நல்ல பயிற்சி. வீட்டுக்குள் வழுவழுத்த தரையில் அது கிடைக்காது.

அங்கே நின்றபடி தமிழில் கதையுங்கள். இது எனக்கு முக்கியம், அதனால் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். எங்கள் முன்னோர் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று ஆறு பருவம் பிரித்தார்கள், அதில் 'இலையுதிர் காலம்' என்பதுபோல இலையின் பெயரில் ஒரு பருவமும் இல்லை. ஆனால் இலைக்கு எத்தனை சொல் வைத்திருக்கிறோம் பாருங்கள். துளிர், தளிர், கொழுந்து, இலை, பழுத்த இலை, சருகு. ஒரு மேப்பிள் மரத்தடியில் நின்றால் பழுத்த இலையையும் சருகையும் பிள்ளையின் கையிலேயே கொடுத்துச் சொல்லலாம். புத்தகத்தில் படம் காட்டிச் சொன்னால் மறக்கும், கையில் நொறுங்கின சருகு மறக்காது. என் பேரன் முதலில் தெளிவாகச் சொன்ன சொற்களில் ஒன்று 'சருகு'. காவோலை விழக் குருத்தோலை சிரிக்கும் என்பார்கள் ஊரில். என் குருத்தோலை சருகைக் கட்டிப்பிடித்துச் சிரித்தது.

இலை ஏன் நிறம் மாறுகிறது என்று மூத்த பிள்ளை கேட்டால் இதைச் சொல்லுங்கள். பகல் குறையக் குறைய மரம் பச்சையத்தைப் புதிதாக உண்டாக்குவதை நிறுத்துகிறது. மஞ்சள் நிறம் முதலிலேயே இலைக்குள் இருந்ததுதான், பச்சை மறைந்ததும் வெளியே தெரிகிறது. சிவப்பு அப்படி இல்லை, அது அந்த நாட்களில் புதிதாக உருவாவது, வெயில் பகலும் குளிர்ந்த இரவும் சேர்ந்து வந்தால் இன்னும் வடிவாக வரும்.

எடுத்த இலைகளை வீட்டுக்குக் கொண்டுவந்தால், ஒரு பக்கம் ஒட்டும் பிளாஸ்ரிக் தாள் மலிவுக் கடையில் கிடைக்கும், அதை ஒட்டும் பக்கம் பிள்ளையைப் பார்க்கும்படி திருப்பி, பிள்ளையின் உயரத்துக்கு யன்னலில் நாலு மூலையும் ரேப் போட்டு ஒட்டிவிடுங்கள். பசை வேண்டாம், கத்தரிக்கோல் வேண்டாம். இலையை ஒட்டுவதும் பிய்ப்பதும் திரும்ப ஒட்டுவதுமாக அரை மணித்தியாலம் இருக்கும், அதற்குள் நீங்கள் ஒரு தேத்தண்ணி குடிக்கலாம்.

இப்போது நான் மிகவும் விரும்பும் விஷயத்துக்கு வருகிறேன். செப்ரெம்பர் கடைசியிலிருந்து ஒக்டோபர் நடுப்பகுதி வரை, ஸ்காபரோவின் ஹைலன்ட் கிறீக் ஓடைக்குள் ஏரியிலிருந்து சால்மன் மீன்கள் முட்டையிட ஏறி வருகின்றன. மோர்னிங்சைட் பார்க்கில் கரையில் நின்றே பார்க்கலாம், ஒரு சதமும் செலவில்லை. ஒன்ராறியோ ஏரியில் பழைய காலத்தில் இருந்த அட்லாண்டிக் சால்மன் 1898 அளவிலேயே அற்றுப்போய்விட்டது. இப்போது நாம் பார்க்கும் பெரிய மீன் பசிபிக் பக்கத்திலிருந்து கொண்டுவந்து விட்ட சினூக் இனம். முழங்கால் ஆழத் தண்ணீரில் பிள்ளையின் பாதி நீளத்துக்கு ஒரு மீன் வாலடித்து எதிர்நீச்சல் போவதைப் பார்த்தால் இரண்டு வயதுப் பிள்ளை வாயடைத்து நிற்கும். நானும் நின்றேன். முட்டையிட்டபின் அவை இறந்துவிடும், கரையில் செத்த மீனும் கிடக்கும், மணக்கும். பிள்ளை கேட்டால் "மீன் செத்துப்போச்சு" என்று உள்ளதைச் சொல்லுங்கள், மறைக்கவேண்டாம். கல் எறிய விடாதீர்கள், தண்ணீருக்குள் இறங்க விடாதீர்கள், முட்டைகள் அந்தக் கூழாங்கல்லுக்குள்தான் இருக்கின்றன. கரை வழுக்கும், கையைப் பிடித்தபடி நில்லுங்கள்.

அப்பிள் தோட்டத்துக்குப் போகிறவர்கள் மரம் குள்ளமாக உள்ள தோட்டமாகப் பாருங்கள், பிள்ளையே கையால் பறிக்கலாம். மக்கின்ரோஷ் அப்பிள் இந்த ஒன்ராறியோவில்தான் பிறந்தது, 1811 இல் டன்டெலா என்ற இடத்தில் ஜோன் மக்கின்ரோஷ் காட்டை வெட்டித் துப்புரவாக்கும்போது கண்ட கன்றிலிருந்து வந்தது. அவிக்காத அப்பிளைத் துண்டாகக் கொடுக்காதீர்கள், தொண்டையில் அடைக்கும். துருவியோ அவித்தோ கொடுங்கள்.

பூசணிக்காய்க்குக் கத்தி வேண்டாம். ஒரு வாளித் தண்ணீரும் பழைய பல்துலக்கியும் கொடுத்துப் பூசணிக்காயைக் குளிப்பாட்டச் சொல்லுங்கள், போதும். கறிக்கு, ஹலோவீனுக்குச் செதுக்கும் பெரிய காயை வாங்காதீர்கள், அது தண்ணீரும் நாருமாக இருக்கும். 'பை' (pie) என்ற இனிப்புப் பலகாரம் செய்ய விற்கும் சின்னக் காயில் தேங்காய்ப்பால் விட்டுக் கறி வைத்தால் ஊர்ப் பூசணிக்கறிக்குக் கிட்ட வரும். தான் குளிப்பாட்டிய காய் என்று தெரிந்ததால் என் பேரன் அன்றைக்கு இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டான்.

கவனிக்க வேண்டியவையும் உண்டு. ஓக் கொட்டை இரண்டு வயதுப் பிள்ளையின் தொண்டைக்கு ஆபத்து, பூசணி விதையும் அப்படித்தான். வழுவழுப்பான பழுப்புநிறக் குதிரைக் கஷ்கொட்டை நஞ்சு. மூன்று மூன்று இலையாக நிற்கும், தொட்டால் தோல் அரித்துக் கொப்புளம் போடும் பொய்சன் ஐவி செடி இந்த நாட்களில் வடிவான சிவப்பாகிவிடும், அதனால்தான் பிள்ளை அதற்குக் கை நீட்டும். ரூஜ் பார்க் பக்கம் போனால் காற்சட்டையைக் காலுறைக்குள் செருகிவிட்டு, வீட்டுக்கு வந்ததும் உடம்பில் உண்ணி இருக்கிறதா என்று முழங்கால் மடிப்பு, கழுத்து, காதுக்குப் பின் எல்லாம் பாருங்கள். வீதியோரம் கூட்டி வைத்த சருகுக் குவியலுக்குள் குதிக்க விடவே வேண்டாம், கார் ஓட்டுபவருக்கு உள்ளே பிள்ளை இருப்பது தெரியாது. காருக்குள் தடித்த ஜக்கெட்டோடு பிள்ளையை அதன் இருக்கையில் வைத்துக் கட்டாதீர்கள், பட்டி இறுகாது. கட்டியபின் ஜக்கெட்டை மேலே போர்த்துங்கள்.

நவம்பர் முதல் ஞாயிறு மணிக்கூட்டைப் பின்னுக்கு மாற்றியதும் மாலை ஐந்து மணிக்கே இருட்டிவிடும். அப்போது ஒரு சின்ன ரோச் லைற்றைப் பிள்ளையின் கையில் கொடுத்து, கட்டடத்தைச் சுற்றி ஒரு தடவை நடந்து வாருங்கள். மரத்தடியில் வெளிச்சம் அடித்து "இலை எங்கே?" என்று கேளுங்கள். போன நவம்பரில் ஒரு நாள் என் பேரன் ரோச்சைக் கீழே பிடித்து, சருகு முழுக்க நனைந்து ஒட்டிக்கிடந்ததைப் பார்த்துவிட்டு, உதட்டில் விரலை வைத்து "சருகு நித்திரை" என்றான். நாங்கள் இரண்டு பேரும் சத்தம் போடாமல் வீட்டுக்குள் வந்தோம்.

வருகிற ஞாயிறு காலை பத்து மணிக்கு நான் அவனோடு மோர்னிங்சைட் பார்க் கார் தரிப்பிடத்தில் நிற்பேன். வர விரும்புகிறவர்கள் ரப்பர் பூட்ஸும் மாற்றுக் காலுறை இரண்டு சோடியும் கொண்டுவாருங்கள்.