கெல்டிக் சரித்திர நாவலைக் காதால் படியுங்கள்

(திரையில் என், ஐ, ஏ, எம், எச் என்ற ஐந்து ஆங்கில எழுத்துகள்)

வணக்கம். இந்த ஐந்து எழுத்தையும் கூட்டி வாசித்துப் பாருங்கள். நியாம்ஹ் என்றுதானே வருகிறது? அயர்லாந்தில் இந்தப் பெண்ணை நீவ் என்று கூப்பிடுவார்கள். எம், ஈ, டி, பி என்று எழுதியிருந்தால் அவள் மேவ், கொன்னாக்ட் நாட்டு ராணி. குளிர்காலம் தொடங்கும்போது வரும் சௌவின் பண்டிகையை எழுத்துக்கூட்டினால் சாம்ஹெய்ன் என்று வந்து நிற்கும்.

ஐரிஷ் புராணத்தில் ஊறிய சரித்திர நாவல் ஒன்றை நான் நாற்பதாவது பக்கத்தில் மூடிவைத்ததற்கு இந்தப் பெயர்கள்தான் காரணம். அப்புறம் அதையே ஆடியோ புத்தகமாகக் கேட்டேன். வாசித்தவர் அயர்லாந்துக்காரர். முதல் அத்தியாயம் முடிவதற்குள் நீவ் எனக்குப் பக்கத்து வீட்டுப் பெண் மாதிரி ஆகிவிட்டாள்.

கேட்பது குறுக்கு வழி இல்லையா என்று சிலர் நினைக்கலாம். இந்தக் கதைகளுக்குக் காதுதான் பழைய வழி.

(கால், ஆங்கிலத்தில் Gaul, என்ற பழைய நாட்டின் வரைபடம்)

இன்றைய பிரான்ஸ் இருக்கும் இடத்தில் கி.மு. 1ஆம் நூற்றாண்டில் போர் நடத்திய ஜூலியஸ் சீசர், அங்கே கெல்ட் மக்களிடம் பார்த்த துருயிட் என்ற குருமார்களைப் பற்றி எழுதியிருக்கிறார். சிலர் 20 வருஷம் வரை படிப்பார்களாம். எல்லாம் செய்யுள், எல்லாம் மனப்பாடம். மற்ற காரியங்களுக்குக் கிரேக்க எழுத்தைப் பயன்படுத்தியவர்கள், சமயப் பாடத்தை மட்டும் எழுதிவைக்கக் கூடாது என்று இருந்தார்கள். அவர்களோடு அந்தச் செய்யுள்களும் போய்விட்டன.

அதே கெல்ட் மரபில் வந்த அயர்லாந்தின் கதைகள் பிழைத்தன. பிழைக்கவைத்தவர்கள் கிறிஸ்தவ மடங்களில் இருந்த துறவிகள். எனக்கு மிகவும் பிடித்த காட்சி இங்கேதான் வருகிறது.

1200ஆம் ஆண்டையொட்டி எழுதப்பட்ட ஒரு ஐரிஷ் நூல். மாவீரன் ஃபின்னின் படையில் மிஞ்சியிருக்கும் கிழவர் கீல்ச்சா, அயர்லாந்தில் கிறிஸ்தவத்தைப் பரப்பிய புனித பேட்ரிக்கைச் சந்திக்கிறார். ஒவ்வொரு ஊற்றுக்கும் குன்றுக்கும் கீல்ச்சாவிடம் ஒரு கதை இருக்கிறது. பேட்ரிக் சொக்கிப்போய்க் கேட்கிறார். கேட்கக் கேட்க மனசு உறுத்துகிறது: ஜெபத்தை விட்டுவிட்டுப் பழைய கதையில் மயங்கிக் கிடக்கிறோமே! மறுநாள் இரண்டு தேவதூதர்கள் வருகிறார்கள். இதைக் கேட்பது ஆண்டவனுக்குச் சம்மதமா என்று அவர்களிடம் கேட்கிறார். கேட்கலாம், எழுதியும் வையுங்கள், இந்தக் கிழவர்களுக்கு மறதி வந்துவிட்டது, நினைவிருப்பதே மூன்றில் ஒரு பங்குதான் என்கிறார்கள்.

எல்லாத் துறவிக்கும் அந்தத் தெளிவு கிடைக்கவில்லை. 12ஆம் நூற்றாண்டின் லென்ஸ்டர் சுவடியில் மேவ் ராணி காளைக்காகப் படையெடுத்த கதை முடியும் இடத்தில் இரண்டு குறிப்புகள் இருக்கின்றன. ஐரிஷ் மொழிக் குறிப்பு, இதை மாற்றாமல் மனப்பாடம் செய்பவர்களை ஆசீர்வதிக்கிறது. அதன் கீழே லத்தீனில், இந்தக் கட்டுக்கதையை நான் நம்பவில்லை, இதில் சில பிசாசின் வேலை, சில மூடர்களை மகிழ்விக்க எழுதியவை என்று இருக்கிறது. ஒரே பக்கத்தில் இரண்டும்! இந்த இழுபறியைத்தான் நல்ல கெல்டிக் நாவல்கள் தங்கள் பாத்திரங்களின் மனசுக்குள் வைக்கின்றன.

காதில் அது நன்றாகப் பிடிபடும். ஜெபம் வரும் இடத்தைக் கண் வேகமாகத் தாண்டிவிடும். காது தாண்ட முடியாது. பேட்ரிக்கின் கவசம் என்று ஒரு பழைய ஜெபம் உண்டு. சூரியனின் ஒளியையும் பாறையின் உறுதியையும் துணைக்கு அழைக்கிறது. துருயிட்களின் மந்திரத்திலிருந்தும் கொல்லர்களின் மந்திரத்திலிருந்தும் காக்கச் சொல்கிறது. முன்னே கிறிஸ்து, பின்னே கிறிஸ்து என்று அடுக்கிக்கொண்டே போகிறது. சத்தமாக ஒருவர் சொல்லும்போது, இது ஜெபமா மந்திரமா என்று பிரிக்கவே முடியவில்லை.

கேட்கும்போது பெயர்களைக் காதில் விழுந்தபடியே தமிழில் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்றரை மடங்கு வேகம் வேண்டாம்.

(கில்டேர் தேவாலயம்)

கதை அயர்லாந்தின் கில்டேர் ஊரில் நடந்தால் பிரிஜித் வராமல் இருக்க மாட்டாள். கவிஞர்கள் கும்பிட்ட பழைய தெய்வத்தின் பெயரும் பிரிஜித். அங்கே மடம் நிறுவிய புனிதையின் பெயரும் பிரிஜித். பிப்ரவரி 1, அந்தப் புனிதையின் திருநாள், வசந்தத்தை வரவேற்கும் பழைய இம்போல்க் பண்டிகையும் அன்றுதான். அவள் பெயரால் எரிந்த நெருப்பை 1993இல் கில்டேரில் கன்னியாஸ்திரீகள் மறுபடி ஏற்றினார்கள்.

பழைய நெருப்பைப் பற்றி 12ஆம் நூற்றாண்டின் கடைசியில் வேல்ஸ் பாதிரியார் ஜெரால்டு எழுதியிருக்கிறார். 19 கன்னியாஸ்திரீகள் ஆளுக்கு ஒரு இரவு காவல் காப்பார்கள். 20ஆவது இரவுக்கு ஆள் கிடையாது. கடைசியாகக் காத்தவள் விறகை நெருப்பருகே அடுக்கிவைத்து, "பிரிஜித், இன்றைக்கு உன் முறை, உன் நெருப்பை நீயே பார்த்துக்கொள்" என்று சொல்லிவிட்டுப் போவாள். விடிந்து வந்து பார்த்தால் விறகு தீர்ந்திருக்கும். நெருப்பு எரிந்துகொண்டிருக்கும்.

(திரை இருட்டாகிறது. விறகு எரியும் ஓசை மட்டும்.)