டிரைவரை நம்பின பேங்க்காரர்

நடுவர் அய்யா அவர்களே, எல்லாருக்கும் வணக்கம். சின்ன ஊருக்கு உண்மையில கைகொடுக்கறது குடும்ப பேங்க்கா பெரிய பேங்க்காங்கறதுதான் தலைப்பு. எதிரணி அண்ணன் வந்தாரு, அமெரிக்கால இண்டியானா மாநிலத்துல கொலம்பஸ்னு ஒரு ஊரு, அங்க இர்வின் குடும்பத்து பேங்க் 2009ல மூழ்கிடுச்சு, குடும்பத்தை நம்பினா இதான் கதின்னு சொல்லிட்டு உட்கார்ந்துட்டாரு. அண்ணே, கடைசி பக்கத்தை மட்டும் படிச்சிட்டு வந்திருக்கீங்க.

ஜோசப் இர்வின் அந்த ஊர்ல கடை வச்சிருந்தவரு. ஜனங்க அவரை நம்பி பணத்தைக் குடுத்து வச்சாங்க, 1871ல அது பேங்க் ஆச்சு. அவர் மகன் டபிள்யூ.ஜி. இர்வின். இந்த வீட்டுக்கு கார் ஓட்டினவரு கிளெஸ்ஸி கம்மின்ஸ், விவசாயி வீட்டுப் பையன், பெரிய படிப்பு கிடையாது, ஆனா இன்ஜின்னா உயிர். டீசல் இன்ஜின் செய்யணும்னாரு. 1919ல கம்பெனி ஆரம்பிச்சாங்க, பணம் போட்டது டபிள்யூ.ஜி. லாபம் எப்ப வந்துச்சு தெரியுமா? 1937ல! பதினெட்டு வருஷம்யா! நடுவுல 1929 பங்குச்சந்தை சரிவு வேற, அந்த கிறிஸ்துமஸ் அன்னைக்கு கிளெஸ்ஸி ஒரு பழைய பேக்கார்ட் கார்ல தன்னோட டீசல் இன்ஜினைப் பொருத்தி முதலாளியை உட்கார வச்சு ஓட்டிக் காட்டினாரு, நாடே பணத்தைக் கெட்டியா பிடிச்சுக்கிட்டிருந்த நேரத்துல அவரு மறுபடியும் பணம் போட்டாரு.

அது குடும்பத்துப் பணம், பேங்க் பணம் இல்லையேன்னு கேப்பீங்க. அதையேதான் நானும் சொல்றேன், பேங்க் நடத்தறவன் அதே தெருவுல குடியிருந்தா சொந்தப் பாக்கெட்லேர்ந்தும் எடுத்துப் போடுவான். அந்த கம்மின்ஸ் கம்பெனிக்கு இன்னைக்கும் தலைமையகம் கொலம்பஸ்தான், ஊர்ல பாதி சோறு அதுலேர்ந்துதான்னு சொன்னா தப்பில்ல.

அப்புறம் டபிள்யூ.ஜி.யோட சகோதரி வழிப் பேரன் இர்வின் மில்லர். 1954ல திறந்த புது பேங்க்கைக் கட்ட ஈரோ சாரினென்னு உலகப்புகழ் ஆர்க்கிடெக்டைக் கூப்பிட்டிருந்தாரு. பெரிய தூணு, கம்பி போட்ட கவுண்டர் எதுவும் இல்ல, ஒரே தளம், சுத்தி கண்ணாடி, வெளிய மரம். விவசாயி உள்ள வர பயப்படக்கூடாதுன்னு ஒரு கட்டடத்தையே யோசிச்சுக் கட்டியிருக்காங்க, எனக்கு இதை நினைச்சாலே சிலிர்க்குது.

இப்ப 2009க்கு வர்றேன். செப்டம்பர் 18ம் தேதி பேங்க்கை மூடினாங்க, நிஜம். ஆனா எந்தக் கடன்ல மூழ்கிச்சு? கொலம்பஸ் கடைக்காரருக்குக் குடுத்ததுலயா? இல்லைங்க. நாடு முழுக்க, முகம் தெரியாத ஆளுங்களுக்கு, வீட்டு மேல குடுத்த கடன்ல பட்ட அடி அது. அதாவது பெரிய பேங்க் மாதிரி நடக்கப் போனப்பதான் அடி விழுந்துச்சு. அதுக்கு ஒரு வருஷம் முன்னாடி வாஷிங்டன் மியூச்சுவல் விழுந்துச்சே, அது என்ன குடும்ப பேங்க்கா? அமெரிக்க வரலாற்றுலயே பெரிய பேங்க் வீழ்ச்சி அது. சிட்டிகுரூப்ங்கற பெரிய பேங்க்கை 4,500 கோடி டாலர் அரசாங்கப் பணம் போட்டுல்ல தூக்கி நிறுத்தினாங்க?

மணி அடிச்சிட்டீங்க, முடிச்சிடறேன் அய்யா. எதிரணியில அடுத்து பேச வர்றவங்ககிட்ட ஒரே கேள்வி: கார் டிரைவரை நம்பி பதினெட்டு வருஷம் லாபமில்லாம காத்திருந்த பெரிய பேங்க் ஒண்ணு, ஒண்ணே ஒண்ணு, பேரைச் சொல்லுங்க.